தொலைவும் பொழுதும்: குரங்கணி முதல் ஜித்தா வரை

போடிநாயக்கனூருக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் குரங்கணி. கொட்டகுடி ஆற்றின் பள்ளத்தாக்கில், ஏலமும் காப்பியும் விளையும் சரிவுகளுக்குக் கீழே இவ்வூர் இருக்கிறது. இதற்கு நேர் மேலே, தமிழக கேரள எல்லையோரத்து மலைமுகட்டில் இருப்பது டாப் ஸ்டேஷன். இவ்விரு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்று வினவினால் மூன்று விடைகள் கிடைக்கும். பறவை பறக்கும் நேர்கோட்டில் அளந்தால் சுமார் 5 கிலோமீட்டர். ஒற்றையடிப் பாதையில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அரைநாள் ஏற்றம். வாகனத்தில் செல்வதென்றால் போடிக்கு இறங்கி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறு வழியாகச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 115 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும்.

முஸாஃபிரின் தொழுகை பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, அப்பகுதியிலிருந்து வந்து ஓதும் மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்து போனால் நான் முஸாஃபிர் இல்லை. பஸ்ஸில் போனால் முஸாஃபிர் ஆகிவிடுவேனா? அப்படியானால் ஜித்தாவுக்கு விமானத்தில் போகும் எங்கள் அத்தா எதைக் கணக்கில் எடுக்க வேண்டும்? கிலோமீட்டரையா, மணியையா?"

விளையாட்டாகக் கேட்கப்பட்ட கேள்விபோல் தோன்றினாலும் இதனுள் இரண்டு பெரிய விஷயங்கள் அடங்கியுள்ளன. தொலைவு என்பது வழியைச் சார்ந்ததா, வழியை விட்டுத் தனித்து நிற்பதா என்பது ஒன்று. பயணம் என்று ஷரீஅத் கருதுவது தூரத்தையா, அத்தூரத்தைக் கடக்கும் காலத்தையா, அதில் ஏற்படும் சிரமத்தையா என்பது மற்றொன்று. கஸ்ர் செய்யத்தகாத இடத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகத் தொழுதவரின் தொழுகை நிறைவேறவில்லை என்ற நிலை இருப்பதால், இது வெறும் கணக்கு ஆர்வத்துக்குரிய கேள்வி அன்று.

காலத்தால் அளந்த தூரம்

பழங்காலத்தவர் தொலைவைப் பெரும்பாலும் காலத்தைக் கொண்டே சொன்னார்கள். நம் தமிழில் 'நாழிகை வழி' என்ற வழக்கு உண்டு. நாழிகை என்பது 24 நிமிடப் பொழுது. அப்பொழுதில் நடந்து கடக்கும் தூரமே ஒரு நாழிகை வழி. 'கூப்பிடு தூரம்' என்பதோ மனிதக் குரல் சென்று எட்டும் எல்லை. அரபியரின் 'மர்ஹலா' என்பதும் ஒரு நாள் பயணத்தையே குறிக்கும். மதுரை வரை வந்து சென்ற இப்னு பதூதா தம் பயண நூலில் ஊர்களுக்கிடையே உள்ள தொலைவைப் பெரும்பாலும் இத்தனை நாள் வழி என்றே பதிவு செய்கிறார். திருக்குர்ஆனின் ஸபஉ அத்தியாயத்தில் (34:12) ஸுலைமான் (அலை) அவர்களுக்கு வசப்படுத்தித் தரப்பட்ட காற்றின் வேகம் கூறப்படும்போதும், அதன் காலைப் பயணம் ஒரு மாதத் தூரம், மாலைப் பயணம் ஒரு மாதத் தூரம் என்ற பொருளிலேயே அமைந்திருக்கிறது. மக்கள் நடந்தும் ஒட்டகத்தில் சென்றும் அறிந்திருந்த மாதக் கணக்கே அங்கு அளவுகோல்.

இந்த அளவுகோலுக்கு ஒரு நன்மை உண்டு. அது நிலத்தின் தன்மையையும் உள்ளடக்கிக்கொள்கிறது. சமவெளியில் ஒரு நாள் வழி நீண்டது. மலையில் ஒரு நாள் வழி குறுகியது. குரங்கணியின் பழைய சரக்குப் போக்குவரத்தை நோக்கினால் இது விளங்கும். மூணாறுத் தேயிலையை வெளியே கொண்டுசெல்வதற்காக 1902-இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. அதன் வண்டிகளை மாடுகளே இழுத்தன. 1908-இல் அது இரண்டடி அகலமுள்ள குறும்பாதை இரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் கீழிறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. பிறகு மாட்டுவண்டியில் போடிக்கும், அப்பால் இரயிலிலும் கப்பலிலும் இங்கிலாந்துக்கும் சென்றன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த மலை இரயிலை அழித்துவிட்டது. மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது அதற்குப் பின்னர், 1928-இல்தான்.

மனிதன் அரைநாள் மூச்சிரைக்க ஏறிய மலையைத் தேயிலைப் பெட்டி வானத்தில் நேர்கோடு போட்டு இறங்கிவந்தது. நம் பகுதியில் வான்வழித் தூரம் என்ற ஒன்று நடைமுறைக்கு வந்தது விமானத்தால் அன்று, அந்தக் கம்பிவடத்தால்தான் என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டு வழி உள்ள ஊர்

இனி மாணவரின் முதற் கேள்விக்கு வருவோம். ஹனஃபீ மத்ஹபின் அடிப்படை நிலைப்பாட்டின்படி, ஒருவரை முஸாஃபிர் ஆக்குவது மூன்று நாள் பயணத் தூரம். ஆண்டின் மிகக் குறுகிய நாட்களை வைத்து, நடப்பவரும் ஒட்டகமும் செல்லும் நடுத்தர வேகத்தில், ஓய்வுக்கு உரிய நேரத்தை விட்டுவிட்டு இது கணக்கிடப்படும். ஹிதாயாவின் ஆசிரியர் இமாம் மர்ஃகீனானீ (மறைவு ஹிஜ்ரி 593 / கி.பி. 1197) இதில் பர்ஸக் கணக்கைக் கருத வேண்டியதில்லை என்பதையே சரியான கருத்தாகக் கொள்கிறார். மலைப்பாதைக்கு மலையின் நடை, கடலுக்குக் கடலின் ஓட்டம் என ஒவ்வொன்றுக்கும் அதற்குப் பொருத்தமான வேகமே அளவு என்பதும் சட்ட நூல்களில் விளக்கப்பட்டுள்ளது. பொதுமக்கள் இவ்வாறு கணக்கிட்டுக்கொண்டிருக்க இயலாது என்பதால் பிற்கால அறிஞர்கள் பர்ஸக் கணக்கில் எல்லை வகுத்தனர். இந்திய உலமாக்களிடையே 48 ஆங்கில மைல், அதாவது சற்றேறக்குறைய 77 கிலோமீட்டர் என்ற அளவு நிலைபெற்றது. ஷாஃபிஈ மத்ஹபில் அளவு தொடக்கத்திலிருந்தே தூரமாகச் சொல்லப்பட்டது: 16 பர்ஸக், அதாவது 48 ஹாஷிமீ மைல், இரண்டு மர்ஹலாக்கள். இதைக் கிலோமீட்டருக்கு மாற்றும்போது 80-ஐச் சற்றுத் தாண்டிய அளவிலிருந்து பல கணக்குகள் கூறப்படுகின்றன.

ஓர் ஊருக்கு இரண்டு வழிகள் இருந்து, ஒன்று பயணத் தூரமாகவும் மற்றொன்று அதற்குக் குறைவாகவும் இருந்தால் என்ன செய்வது? துர்ருல் முக்தார் நூலில் ஹஸ்கஃபீ (மறைவு ஹிஜ்ரி 1088 / கி.பி. 1677) இதற்குத் தெளிவான விடை தருகிறார். நெடுவழியில் சென்றவர் கஸ்ர் செய்வார். குறுவழியில் சென்றவர் செய்யமாட்டார். ஆகவே குரங்கணியிலிருந்து பாதை ஏறி டாப் ஸ்டேஷன் செல்பவர் நான்கு ரக்அத்தாகவே தொழுவார். அதே இடத்துக்குப் போடிமெட்டு வழியாகச் சுற்றிச் செல்பவர், தம் ஊர் எல்லையைக் கடந்ததும் முஸாஃபிர். மாணவர் விளையாட்டாகச் சொன்னது சட்டப்படியும் சரியே.

ஷாஃபிஈ மத்ஹபு இங்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது. நெடுவழியைத் தேர்ந்ததற்குப் பாதுகாப்பு, இலகு போன்ற நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். சுருக்கித் தொழுவதற்காகவே சுற்றிச் சென்றால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதே வலுவான கருத்து. முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு செல்பவர் காட்டுப்பாதையை விட்டுச் சாலைவழியை நாடுவது நியாயமான நோக்கமே. அக்காட்டுப்பாதையில் செல்வதற்கு வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.

இவ்விடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரு மத்ஹபுகளும் நேர்கோட்டுத் தூரத்தைப் பொருட்படுத்தவே இல்லை. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே உள்ள இடைவெளி பயணம் ஆகாது. ஒருவர் உண்மையில் கடக்கும் வழியே பயணம். விமானம் வந்த பின் இந்த இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன என்பதுதான் புதுமை.

உருண்டையின் மீது ஒரு கோடு

சென்னை விமான நிலையத்துக்கும் ஜித்தா விமான நிலையத்துக்கும் இடையே உள்ள வான்வழித் தூரம் சுமார் 4,450 கிலோமீட்டர். கொச்சியிலிருந்து அளந்தால் சுமார் 4,170. இத்தூரங்களை யாரும் நாடா பிடித்து அளந்ததில்லை. இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்துக் கோள முக்கோணக் கணிதத்தால் பெறப்பட்டவை இவை. உருண்டையான பூமியின் மீது இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோடு, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு பகுதி. தட்டையான வரைபடத்தில் அது வளைந்து தெரியும். உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அதுவே நேராக நிற்கும்.

இந்தக் கணக்கின் வரலாற்றில் முஸ்லிம் அறிஞர்களின் பங்கு பெரிது. கலீஃபா மஃமூனின் காலத்தில் ஸின்ஜார் சமவெளியில் ஒரு பாகைக்குரிய நிலத் தூரத்தை அளந்தனர். 56⅔ அரபு மைல் என்ற அளவு அதன் பின்னர் நூல்களில் நிலைத்தது. அபூ ரைஹான் அல்பிரூனீ ஹிஜ்ரி 416-இல் (கி.பி. 1025) எழுதி முடித்த 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்ற நூலின் முழுப் பெயரே, ஊர்களுக்கிடையே உள்ள தூரங்களைத் திருத்துவதற்காக இடங்களின் நிலைகளை வரையறுத்தல் என்ற பொருளைத் தருகிறது. பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையே உள்ள தீர்க்கரேகை வேறுபாட்டைக் காண அவர் கையாண்ட முறை நம் குரங்கணிக் கேள்விக்கு மிக நெருக்கமானது. வணிகக் கூட்டத்தார் சொன்ன வழித் தூரத்தை அவர் அப்படியே ஏற்கவில்லை. வளைவும் மேடுபள்ளமும் கொண்ட பாதையின் தன்மைக்கேற்ப அதில் ஒரு பகுதியைக் கழித்து நேர்த் தூரத்தைப் பெற்றார். பின்னர் அதைக் கோளக் கணிதத்தில் இட்டார். அவர் கண்ட விடை 24 பாகையைச் சற்றே தாண்டியது. இன்றைய அளவும் ஏறத்தாழ 24 பாகைதான்.

அவர் இவ்வளவு பாடுபட்டதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று கஸ்னாவின் கிப்லாவைக் காண்பது. தூரமும் கிப்லாவும் ஒரே முக்கோணத்தில் பிறப்பவை. நம் ஊர், மக்கா, வடதுருவம் ஆகிய மூன்றையும் இணைக்கும் கோள முக்கோணத்தில், நம் ஊருக்கும் மக்காவுக்கும் இடையே உள்ள பக்கம் தூரத்தைத் தரும்; நம் ஊரில் அமையும் கோணம் கிப்லாவைத் தரும். போடிநாயக்கனூருக்கு இக்கணக்கைச் செய்தால் பக்கம் சுமார் 4,200 கிலோமீட்டர். கோணம் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 22 பாகை. தட்டையாக எண்ணிக் கணக்கிட்டால் 17 அல்லது 18 பாகைதான் வரும். சுமார் ஐந்து பாகை வேறுபாடு, பூமியின் உருண்டை வடிவம் தரும் வேறுபாடு. நேர் மேற்கே நோக்கிக் கட்டப்பட்ட பழைய பள்ளிகளைப் பற்றி இளைஞர்கள் சிலர் சண்டையிடுவதைக் காண்கிறோம். திசையளவில் கஅபாவை நோக்கியிருந்தால் போதும் என்ற ஹனஃபீ சட்டத்தின் விசாலத்தை அவர்கள் முதலில் படிக்கட்டும்.

சென்னையில் இருந்து ஜித்தாவுக்குச் செல்லும் மிகக் குறுகிய வான்வழியும் இதே கோணத்தை ஒட்டியே தொடங்குகிறது. அந்தக் கோட்டில் பறப்பவர், நம் ஊர்த் தொழுகை விரிப்பு காட்டும் திசையிலேயே பறக்கிறார் எனலாம். ஆயினும் விமானங்கள் பெருவட்டக் கோட்டில் இம்மி பிசகாமல் செல்வதில்லை. வகுக்கப்பட்ட வான்பாதைகள், நாடுகளின் எல்லைகள், வானிலை ஆகியவற்றுக்கேற்ப ஓரளவு விலகிச் செல்வதால் பறக்கும் தூரம் கணிதத் தூரத்தைவிடச் சற்றுக் கூடும்.

ஒரே தூரம், இரண்டு பொழுது

தூரம் ஒன்றாயினும் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. ஹஜ், உம்ரா சென்று வந்தோர் பலரும் இதை உணர்ந்திருப்பர். விமானத்தின் வேகம் அதைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம் காற்றே இல்லையெனில் 4,450 கிலோமீட்டரைச் சுமார் 5 மணி 15 நிமிடத்தில் கடக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசினால் ஏறத்தாழ 5 மணி 55 நிமிடம். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 4 மணி 40 நிமிடம். ஏறி இறங்குவதற்கும் ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஆகும் நேரம் தனி. குளிர்காலத்தில் அரேபிய வட்டாரத்தின் உயர்வெளியில் மேற்கிலிருந்து கிழக்கே பெருங்காற்று ஓடுகிறது. ஆகவே அப்பருவத்தில் செல்லும்போது நேரம் கூடும், திரும்பும்போது குறையும். தென்மேற்குப் பருவ மழைக்காலத்திலோ தென்னிந்தியாவின் உயர்வெளியில் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் காற்று உருவாகிறது. 1958-இல் அதை விளக்கி எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் ஆவார்.

கடிகாரத்தில் தெரிவது வேறொரு கணக்கு. சவூதியின் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி பின்தங்கியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டு ஆறு மணி நேரம் பறந்தவர் அங்கே பகல் 1.30 மணிக்கு இறங்குகிறார். அவரைப் பொறுத்தவரை கழிந்தது ஆறு மணி. கடிகாரம் காட்டுவது மூன்றரை மணி. ஆக, பயண நேரத்தை எந்தக் கடிகாரத்தால் அளப்பது என்ற சிக்கல் வேறு எழுகிறது. சட்டத்தை நேரத்தின் மீது நிறுத்தினால், காற்றடிக்கும் மாதத்தில் ஒரு சட்டம், அடிக்காத மாதத்தில் ஒரு சட்டம் என்றாகிவிடும்.

பழைய வழியை இத்துடன் ஒப்பிடுக. மும்பைக்கும் ஜித்தாவுக்கும் இடையே உள்ள கடல்வழி சுமார் 2,300 கடல் மைல். மணிக்கு 12 முதல் 15 கடல் மைல் வேகத்தில் ஓடும் கப்பலுக்கு இது ஆறு முதல் எட்டு நாள் வழி. போடிக்காரர் அதற்கு முன் இரயிலேறி மும்பைக்குச் சென்று, கப்பலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். 1995-ஆம் ஆண்டோடு இந்திய ஹாஜிகளின் கப்பல் பயணம் நின்றுபோனது. மலைச்சரிவில் விளையும் ஏலக்காயோ அரபு நாட்டுக் கஹ்வாவுக்கு இன்றும் சென்றுகொண்டிருக்கிறது. அரபியர் அதை 'ஹைல்' என்பர். அங்கே விருந்தாளியாக அமர்ந்து அதன் மணத்தை நுகரும் நம்மவருக்குக் குரங்கணி சட்டென நினைவுக்கு வரும்.

கண நேரத்தில் கடந்தவர்

இப்போது இரண்டாம் கேள்வி. ஆறு மணி நேரத்தில், சாய்ந்த இருக்கையில் அமர்ந்து, உணவு பரிமாறப்பெற்று, ஜித்தாவை அடைபவர் முஸாஃபிரா? விமானம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சட்டமேதைகள் இதே கேள்வியை வேறு வடிவில் கேட்டுக்கொண்டார்கள் என்பதைக் காணும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது.

இமாம் நவவீ (மறைவு ஹிஜ்ரி 676 / கி.பி. 1277) தம் மின்ஹாஜ் நூலில் கடலும் நிலத்தைப் போன்றதே என்று கூறி, அந்த மைல்களை ஒருவர் கடலில் ஒரு மணிப் பொழுதில் கடந்துவிட்டாலும் கஸ்ர் உண்டு என்று முடிவு செய்கிறார். அவர் காலத்தில் எந்தக் கப்பலும் 48 மைலை ஒரு மணியில் கடக்கவில்லை. தூரம்தான் அளவு, வேகம் அன்று என்பதை எல்லைவரை கொண்டுசென்று காட்டுவதற்காக வைக்கப்பட்ட உதாரணம் அது.

ஹனஃபீ நூல்களில் இந்த விவாதம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. மூன்று நாள் தூரத்தை விரைந்து சென்று இரண்டு நாளில் அடைந்தவரும் முஸாஃபிரே என்பது பொதுவான சட்டம். அப்படியானால், கராமத்தாகப் பூமி சுருட்டப்பட்டு, நெடுந்தொலைவைக் கண நேரத்தில் கடந்த இறைநேசரின் நிலை என்ன? சட்டத்தின் வெளிப்படையான சொற்களின்படி அவரும் கஸ்ர் செய்யவேண்டும். ஆனால் ஃபத்ஹுல் கதீர் ஆசிரியர் இப்னுல் ஹுமாம் (மறைவு ஹிஜ்ரி 861 / கி.பி. 1457) இதைத் தொலைவான கருத்து என்கிறார். சுருக்கித் தொழுவதற்கான காரணம் சிரமம் ஏற்படக்கூடிய நிலை. இங்கே அந்நிலையே இல்லை என்பது அவர் வாதம். இப்னு ஆபிதீனும் (மறைவு ஹிஜ்ரி 1252 / கி.பி. 1836) தம் விரிவுரையில் இந்தக் கருத்தை எடுத்துக்காட்டுகிறார்.

இப்னுல் ஹுமாமின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. விமானத்தில் செல்பவரும் பூமி சுருட்டப்பட்டவர்தானே என்று ஒருவர் கேட்கலாம். ஆயினும் நம் கால உலமாக்கள் விமானப் பயணிக்குக் கஸ்ர் உண்டு என்பதில் ஒன்றுபட்டே நிற்கிறார்கள். இதற்கான விடை உஸூலில் இருக்கிறது. சட்டத்தின் உட்கருத்து வேறு, சட்டம் தொங்கும் கொளுவி வேறு. சிரமத்தைப் போக்குவது உட்கருத்து. ஆனால் சிரமம் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுவது, அளவிட இயலாதது. ஆகவே, எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும் ஒன்றான பயணத்தின் மீது சட்டம் தொங்கவிடப்பட்டது. கராமத் ஒருவருக்கு அரிதாக நிகழ்வது. விமானமோ ஒரு வாகனம், வழமையான பயணம். தவிரவும் முன்னிரவே புறப்பட்டு, நிலையத்தில் காத்துக் கிடந்து, உறக்கம் கெட்டு, தரையிறங்கியபின் வரிசையில் நின்ற முதியவரைக் கேட்டால் சிரமம் அடியோடு இல்லாமற் போகவில்லை என்பதைச் சொல்வார்.

சிரமத்தைக் கிலோமீட்டரால் அளக்க முடியாது என்பதற்குக் குரங்கணியே துயரமான சான்று. 2018 மார்ச் 11 அன்று இம்மலைச்சரிவில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஊரிலிருந்து அவ்விடம் சில கிலோமீட்டர்தான். ஆயினும் உள்ளூர் மக்களும் மீட்புப் பணியாளரும் இருளில் சரிவேறி அவர்களை அடைய வேண்டியிருந்தது. விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வரவழைக்கப்பட்டன. வாகனச் சாலையில் சில நிமிடங்களில் கடக்கும் தூரம் அங்கே ஓர் இரவாக நீண்டது. அந்த மலையில் ஏறுபவர் சட்டப்படி முஸாஃபிர் அல்லர். ஆறு மணி நேரம் இருக்கையில் அமர்ந்திருப்பவர் முஸாஃபிர். இது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் மலையில் அல்லல்படுபவருக்கு நோய், இயலாமை, அச்சம் என்ற வேறு வாசல்கள் வழியாக ஷரீஅத் சலுகை தருகிறது. பயணம் என்ற வாசல் தூரத்துக்கு உரியது. அத்தாவுக்குரிய விடை, ஆகவே, கிலோமீட்டர்தான், மணியன்று.

எங்கிருந்து தொடங்குகிறது

நடைமுறையில் பிழை நிகழும் இடங்கள் சிலவற்றையும் இங்குச் சொல்லிவிடுவோம். பயணச் சட்டம் தொடங்குவது விமானம் ஏறும்போதன்று; தம் ஊரின் குடியிருப்பு எல்லையைக் கடக்கும்போது. போடியிலிருந்து புறப்படும் ஹாஜி, ஊர் எல்லை தாண்டியதுமே முஸாஃபிர். சென்னை விமான நிலையத்தில் அவர் லுஹரை இரண்டாகத் தொழுவது சரி. ஆனால் சென்னைவாசிக்கு மீனம்பாக்கம் நகரத்தோடு தொடர்ந்து அமைந்த பகுதி. அவர் அங்கே நான்காகத் தொழவேண்டும். இருவரும் ஒரே ஜமாஅத்தில் நின்று, போடிக்காரரைப் பார்த்து சென்னைக்காரரும் இரண்டில் ஸலாம் கொடுத்துவிடுவதை நாம் கண்டதுண்டு.

அடுத்தது மீகாத். மணிக்கு 850 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 14 கிலோமீட்டர். சென்னை ஜித்தா பெருவட்டக் கோடு கர்னுல் மனாஸிலை ஒட்டியே செல்கிறது. அங்கிருந்து ஜித்தா ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஒட்டகத்தில் வந்தவர் மீகாத்தில் இறங்கி, குளித்து, தொழுது, நிதானமாக இஹ்ராம் கட்டினார். விமானத்தில் வருபவருக்கு அந்த எல்லை சில விநாடிகளில் கடந்துபோகும் ஒரு கோடு. அறிவிப்பு வந்தபின் ஆடை மாற்றலாம் என்றிருந்து, கழிப்பறை வரிசையில் நிற்கும்போதே மீகாத்தைக் கடந்துவிட்டு, பின்னர் தம் கொடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. மீகாத்துக்கு முன்பே இஹ்ராம் கட்டுவது கூடும் என்பதால், இஹ்ராம் துணியை வீட்டிலோ விமான நிலையத்திலோ அணிந்துகொண்டு, நிய்யத்தையும் தல்பியாவையும் மீகாத்துக்குச் சற்று முன்னர் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. உறங்கிவிடுவோம் என்ற அச்சமுள்ளவர் விமானம் கிளம்பும்போதே நிய்யத் செய்துகொள்ளட்டும்.

மூன்றாவது, நோன்பாளியின் மஃரிப். பகலும் இரவும் சமமாக உள்ள மாதத்தில் மாலை 4 மணிக்குச் சென்னையிலிருந்து புறப்படும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 6.15-க்குச் சூரியன் மறையும். விமானமோ மேற்கே மணிக்கு ஏறத்தாழ 7 பாகை வீதம் ஓடுகிறது. சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே நகர்கிறது. ஆகவே பயணியின் கண்ணுக்குச் சூரியன் ஏறத்தாழப் பாதி வேகத்திலேயே இறங்கும். அத்துடன் பத்துக் கிலோமீட்டருக்கு மேலான உயரத்தில் அடிவானம் மூன்று பாகைக்கு மேல் தாழ்ந்துவிடுகிறது. பஞ்சாபின் நந்தனா மலைமீது நின்று அல்பிரூனீ பூமியின் அளவைக் காண்பதற்காக அளந்ததும் இந்தத் தாழ்வைத்தான். அவருக்குக் கிடைத்தது 34 கலை, அதாவது அரைப் பாகையைச் சற்றே தாண்டியது. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் நம் பயணிக்கு இந்திய நேரப்படி இரவு எட்டரை மணி அளவில்தான் சூரியன் மறையும். சென்னையில் உள்ள அவர் வீட்டார் நோன்பு திறந்து, தராவீஹுக்கும் நின்றிருப்பார்கள். அவர் இன்னும் சாளரத்தில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்து அவர் நோன்பு திறக்கக் கூடாது.

இதற்கும் பழைய நூல்களில் முன்மாதிரி உண்டு. அலெக்ஸாந்திரியாவின் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்பவர் தமக்குச் சூரியன் மறையும்வரை நோன்பு திறக்கமாட்டார். கீழே நகரத்தார் தங்களுக்கு மறைந்ததும் திறந்துகொள்வர் என்று இப்னு ஆபிதீன் எடுத்துக்காட்டுகிறார். இதை மாணவரிடம் சொன்னபோது அவர் உடனே, குரங்கணியில் மேற்குமலை மறைப்பதால் சூரியன் முன்னதாகவே காணாமற் போய்விடுகிறது, அப்போதே நோன்பு திறக்கலாமா என்று கேட்டார். கூடாது. மலைக்குப் பின்னால் ஒளிவது வேறு, அடிவானத்தில் மறைவது வேறு. டாப் ஸ்டேஷனில் நிற்பவர் இன்னும் வெயிலில் நின்றுகொண்டிருக்கக்கூடும். குரங்கணிக்காரர் அட்டவணையில் போடிக்குக் குறித்த நேரம்வரை பொறுத்திருக்க வேண்டும்.